உருளைக்கிழங்கு வயலில் பிறந்த கணக்கு

உங்கள் ஊரிலும் இது நடந்திருக்கும். சாலையோர வயல் ஒன்றில் பெயர்ப் பலகை நட்டிருப்பார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் புதிய ஊட்டக் கரைசல் தெளித்த நெல். அந்தப் பக்கம் தெளிக்காத நெல். அறுவடை நாளில் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, இரண்டு பக்கத்தையும் அறுத்து எடை போடுவார்கள். தெளித்த பக்கம் 2 சென்டுக்கு 55 கிலோ, தெளிக்காத பக்கம் 50 கிலோ. அப்படியானால் ஏக்கருக்கு 250 கிலோ கூடுதல் என்று ஒலிபெருக்கியில் கணக்குச் சொல்வார்கள். அன்று மாலையே பாட்டில்கள் விற்கத் தொடங்கிவிடும்.

அந்தக் கூட்டத்தில் எழுந்து நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். எதையுமே தெளிக்காமல் இரண்டு பக்கத்தையும் அறுத்திருந்தாலும் 5 கிலோ வித்தியாசம் வந்திருக்காதா?

இது குதர்க்கமான கேள்வி அல்ல. மடைக்குப் பக்கத்தில் ஒரு விளைச்சல், கடைசிப் பாத்தியில் ஒரு விளைச்சல் என்பது உங்களுக்குத் தெரியாததா? எருக்குழி இருந்த இடம், வேப்பமர நிழல் விழும் இடம், களர் படிந்த மூலை என ஒரே வயலுக்குள் பத்து வயல் இருக்கிறது. மண் தந்த வித்தியாசம் எவ்வளவு, மருந்து தந்த வித்தியாசம் எவ்வளவு என்று பிரிப்பது எப்படி? இந்தக் கேள்விக்குக் கணக்கு வழியில் விடை கண்டவர் ரொனால்டு ஐல்மர் ஃபிஷர். இன்று உலகின் எந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாலும் இவர் வகுத்த முறையில்தான் பாத்தி பிரிக்கிறார்கள்.

கண் மங்கிய சிறுவன்

ஃபிஷர் 1890 பிப்ரவரி 17-ல் லண்டனில் பிறந்தார். அப்பா கலைப் பொருள்களை ஏலம் விடும் தொழில் செய்தவர், வசதியான குடும்பம். ஆனால் 14 வயதில் அம்மாவை இழந்தார். அதன் பிறகு அப்பாவின் தொழிலும் நொடித்துப்போனது. உதவித்தொகை இருந்ததால்தான் படிப்பு தொடர்ந்தது.

சிறு வயதிலிருந்தே அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை. மின்விளக்கில் படித்தால் கண் கெடும் என்று மருத்துவர்கள் தடுத்ததால், மாலை வேளைகளில் ஆசிரியர் வாயால் சொல்ல, இவர் காதால் கேட்டே கணிதம் கற்றார். காகிதமும் பென்சிலும் இல்லாமல் வடிவங்களை மனதுக்குள் வரைந்து கணக்குப் போடும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பிற்காலத்தில் மற்ற கணித அறிஞர்கள் பக்கம் பக்கமாக நிறுவ வேண்டியிருந்தவற்றை இவர் விடையாக மட்டும் எழுதிவிட்டுப் போனதற்கு இதுவே காரணம் என்பார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1912-ல் கணிதப் பட்டம் பெற்றார். பிறகு கனடாவில் ஒரு பண்ணையில் கொஞ்ச காலம் உழைத்தார். லண்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். முதல் உலகப் போர் வந்தபோது படையில் சேர முயன்றார். பார்வைக் குறைவால் எடுக்கவில்லை. போர்க்காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1917-ல் திருமணம் ஆனது. சம்பளம் போதாத அந்த நாட்களில், சிறிதளவு நிலத்தில் கால்நடை வளர்த்துக் குடும்பம் நடத்தினார். விவசாயம் அவருக்குப் புத்தகத்தில் மட்டும் பார்த்த விஷயம் அல்ல.

பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே மரபியலிலும் ஆய்வு செய்தார். 1918-ல் வெளியான அவருடைய கட்டுரையில்தான் மாறுபாடு என்ற அளவையும், அதைக் காரணம் காரணமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் முதலில் வந்தன.

75 ஆண்டுப் பதிவேடுகள்

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1843-ல் ஜான் லாஸ் என்ற நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில் தொடங்கியது. அங்கே பிராட்பாக் என்ற வயலில் ஆண்டுதோறும் கோதுமை போட்டார்கள். ஒரு பட்டைக்குத் தொழுஉரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், வேறொன்றுக்கு எதுவுமே இல்லை. அந்த வயலில் அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

எடை போட்ட விளைச்சல், பெய்த மழை எல்லாம் 75 ஆண்டுகளாகப் பதிவேட்டில் ஏறிக்கொண்டே இருந்தன. அதிலிருந்து இன்னும் ஏதாவது தேறுமா என்று பார்க்க ஒரு கணித ஆளைத் தற்காலிகமாக அமர்த்த நினைத்தார் நிலையத்தின் இயக்குநர் ஜான் ரஸ்ஸல். அதே சமயத்தில் லண்டனில் புள்ளியியல் துறையின் பெரிய தலை கார்ல் பியர்சனும் தன்னிடம் வருமாறு ஃபிஷரை அழைத்தார். பெரிய இடத்தை விட்டுவிட்டு, 1919-ல் வயல்காட்டுப் பதிவேடுகளைத் தேர்ந்தெடுத்தார் ஃபிஷர். தற்காலிக வேலைக்கு வந்தவர் 14 ஆண்டுகள் அங்கே இருந்தார்.

கையில் இருந்தது, மில்லியனேர் என்ற பெயர் கொண்ட கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம். அதை வைத்துக்கொண்டு பிராட்பாக் வயலின் விளைச்சலை அலசினார். ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் வித்தியாசம், மண் சத்துக் குறைவதால் வரும் வீழ்ச்சி, பல ஆண்டுகளில் மெதுவாக நடக்கும் மாற்றம் என மூன்றாகப் பிரித்தார். இந்த மெதுவான மாற்றத்துக்குக் களைதான் முக்கியக் காரணம் என்று கருதினார். கட்டாயக் கல்விச் சட்டம் வந்த பிறகு களை எடுக்கச் சிறுவர்கள் கிடைக்காமல் போனதும் அவர் கண்ணில் பட்டது. வெறும் எண்களுக்குள்ளிருந்து களையெடுப்புக் கூலியாள் பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் என்றால் நம் விவசாயிகளுக்கு உடனே புரியும்.

ஆனால் ஒன்று அவரை உறுத்தியது. ஒவ்வொரு உரத்துக்கும் ஒரே ஒரு பட்டை. அந்தப் பட்டை இயல்பிலேயே நல்ல மண்ணாக இருந்திருந்தால்? 75 ஆண்டுப் பதிவேடு இருந்தும் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

முதல் அட்டவணை

1923-ல் ஃபிஷரும் அவருடைய உதவியாளர் மெக்கன்சியும் உருளைக்கிழங்கு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 12 ரகங்கள். நிலத்தின் ஒரு பாதிக்குத் தொழுஉரம், மறு பாதிக்கு இல்லை. ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வொரு ரகமும் மூன்று துண்டுகளில். ஒவ்வொரு துண்டிலும் மூன்று வரிசைகள். ஒரு வரிசைக்கு அடியுரம் மட்டும், மற்ற இரண்டுக்கு இரண்டு விதமான பொட்டாஷ். ரகத்துக்கு ரகம் உரம் வேறு மாதிரி வேலை செய்கிறதா என்பதே கேள்வி. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்பது விடை. உலகில் அச்சான முதல் மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணை இதுதான். வேளாண் கல்லூரி மாணவர்கள் அனோவா என்று சொல்லிக் கலங்குவதும் இதைத்தான்.

கலங்க வேண்டியதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன், பாருங்கள். மூன்று உர முறைகள். ஒவ்வொன்றுக்கும் 2 சென்ட் அளவில் நான்கு பாத்திகள். முதல் முறையில் கிடைத்தது 48, 52, 50, 50 கிலோ, சராசரி 50. இரண்டாவது முறையில் 53, 57, 54, 56, சராசரி 55. மூன்றாவது முறையில் 49, 53, 50, 52, சராசரி 51.

இங்கே இரண்டு விதமான வித்தியாசம் இருக்கிறது. ஒன்று, மூன்று சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். இன்னொன்று, ஒரே உரம் போட்ட நான்கு பாத்திகளுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம். இரண்டாவதற்கு உரம் காரணமாக இருக்க முடியாது. அது மண்ணும் நீரும் நம் கைப்பிழையும் சேர்ந்து தந்தது. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள் என்றார் ஃபிஷர். இரண்டையும் அவற்றுக்குரிய முறையில் சராசரியாக்கி வகுத்தால் இந்தக் கணக்கில் 9 வருகிறது. அதாவது உரம் காட்டும் மாறுபாடு, மண் காட்டும் மாறுபாட்டைப் போல ஒன்பது மடங்கு. இத்தனை பாத்திகள் கொண்ட சோதனையில் 4.26-ஐத் தாண்டினாலே, வெறும் தற்செயல் இப்படிச் செய்ய 20-ல் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. எனவே உரங்களுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது என்று நம்பலாம்.

இப்போது அதே சராசரிகளை வேறொரு வயலில் பாருங்கள். முதல் முறை 42, 58, 46, 54. இரண்டாவது 47, 63, 51, 59. மூன்றாவது 43, 59, 47, 55. கூட்டி வகுத்துப் பாருங்கள். சராசரி அதே 50, 55, 51தான். ஆனால் பாத்திக்குப் பாத்தி தாறுமாறாக இருக்கிறது. கணக்குப் போட்டால் விடை சுமார் 0.5. உரம் காட்டும் வித்தியாசம் மண் காட்டும் வித்தியாசத்தில் பாதிதான். இதை வைத்து ஒரு பாட்டில்கூட வாங்கக் கூடாது.

பந்தலில் உங்களுக்குச் சொல்வது சராசரியைக்கூட அல்ல. ஒரே ஒரு பாத்தியின் எடையை. சிதறல் எவ்வளவு என்று தெரியாமல் 55-க்கும் 50-க்கும் அர்த்தமே இல்லை.

சீட்டுக் குலுக்கிய விஞ்ஞானி

பாத்திகளை மூன்று, நான்காகப் பெருக்கினால் மட்டும் போதாது என்பதையும் ஃபிஷர் கண்டார். நல்ல மண்ணெல்லாம் ஒரே உரத்துக்கு அமைந்துவிட்டால் கணக்கு ஏமாற்றும். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று மனிதர் முடிவு செய்யக் கூடாது. சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்றார். 1926-ல் இதை விரிவாக எழுதினார். மண் மாறும் போக்கு தெரிந்தால், வயலை முதலில் அதற்கேற்ப சில தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் குலுக்கலாம் என்றும் காட்டினார். மடையோரம் ஒரு தொகுதி, நடுவயல் ஒரு தொகுதி, கடைசிப் பகுதி ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய அனுபவசாலிகளுக்கு இது பிடிக்கவில்லை. நன்றாகத் திட்டமிட்டுப் பிரிப்பதை விட்டுவிட்டு, ஆராய்ச்சியைச் சீட்டிடம் ஒப்படைப்பதா என்றார்கள். அவருடைய நெருங்கிய நண்பரும், ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் எழுதியவருமான காசெட்கூட இதில் கடைசிவரை உடன்படவில்லை. ஆனால் குலுக்கல் செய்யும் வேலையை வேறு எதுவும் செய்ய முடியாது. நமக்கே தெரியாமல் நம் கை நமக்குப் பிடித்த ரகத்தை நல்ல மண்ணில் வைக்கும். சீட்டுக்குப் பிடித்தது பிடிக்காதது கிடையாது.

ராத்தம்ஸ்டெட்டில் ஒருநாள் தேநீர் வேளையில், பாசிகளை ஆராய்ந்துவந்த மூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்றார். ஃபிஷர் அதையே சோதனைக்குப் பாடமாக்கினார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில், வரிசை குலுக்கல்படி. வெறும் ஊகத்தில் எட்டையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70-ல் ஒன்று. 1935-ல் வந்த சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இதை விளக்கினார். அதற்கு முன்பே, 1925-ல், ஆராய்ச்சியாளர்களுக்கான புள்ளியியல் முறைகள் பற்றி அவர் எழுதிய நூல் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. நாம் மேலே வகுத்துக் கண்ட விடைக்கு அமெரிக்கப் புள்ளியியலாளர் ஸ்னெடகர், ஃபிஷரின் பெயரின் முதல் எழுத்தைச் சூட்டினார். அதுவே இன்று எஃப் மதிப்பு.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு சீக்கிரமே வந்துவிட்டது. கல்கத்தாவில் மகலநோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1937-38 குளிர்காலத்தில் ஃபிஷர் வந்தார். பிறகும் பலமுறை வந்தார். நம் நாட்டின் சி.ஆர்.ராவ், கேம்பிரிட்ஜில் ஃபிஷரிடம்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். பான்சே, சுகாத்மே எழுதி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பாடநூலைப் புரட்டாமல் அந்தக் காலத்தில் நம் வேளாண் பட்டதாரி எவரும் தேர்வு எழுதியிருக்க முடியாது. அந்த நூலின் வேர் ராத்தம்ஸ்டெட் வயலில் இருக்கிறது.

அவர் சறுக்கிய இடங்கள்

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. மனிதர்களில் உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று பார்த்து இனத்தை மேம்படுத்தலாம் என்ற தவறான கொள்கையை ஃபிஷர் மாணவப் பருவத்திலிருந்தே ஆதரித்தார். அதனால்தான், அவர் படித்த கல்லூரியில் அவர் நினைவாக இருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலை அகற்ற 2020-ல் முடிவெடுத்தார்கள்.

முன்கோபம் அதிகம். பியர்சனுடன் மூண்ட பகை ஆயுள் முழுக்கத் தீரவில்லை. ஊருக்கெல்லாம் ஆதாரம் கேட்கக் கற்றுக்கொடுத்தவர், 1950-களில் புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோயைத் தருகிறது என்று மருத்துவர்கள் எண்களோடு காட்டியபோது ஏற்க மறுத்தார். இரண்டுக்கும் ஏதோ ஒரு பிறவிக் குணம் பொதுக் காரணமாக இருக்கலாம் என்று வாதாடினார். மனிதர்களைச் சீட்டுப் போட்டுப் புகைபிடிக்க வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பல வழிகளில் திரண்ட சான்றுகள் ஒரே திசையைக் காட்டின. அவரோ புகைக்குழாயை விடாதவர். புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். தனக்குப் பிடித்ததை நல்ல மண்ணில் வைக்கும் கை அவருக்கும் இருந்தது.

1933-ல் ராத்தம்ஸ்டெட்டை விட்டு லண்டனுக்குப் போனார். 1943-ல் கேம்பிரிட்ஜுக்கு மரபியல் பேராசிரியராகப் போனார். அந்த 1943-ல்தான் விமானப்படையில் இருந்த மூத்த மகனைப் போரில் இழந்தார். 1952-ல் சர் பட்டம் வந்தது. ஓய்வுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியேறி, 1962 ஜூலை 29-ல் அங்கேயே காலமானார்.

மென்பொருள் கேட்காத கேள்வி

அவர் கைப்பிடி சுற்றி நாள் கணக்கில் போட்ட கணக்கை இன்று கணினி ஒரு நொடியில் போடுகிறது. அதற்கான மென்பொருள்களில் முன்னோடியான ஜென்ஸ்டாட், அதே ராத்தம்ஸ்டெட்டில்தான் 1968-ல் உருவாகத் தொடங்கியது. இன்று ஆர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நீங்கள் சீட்டுக் குலுக்கினீர்களா, எத்தனை பாத்தி வைத்தீர்கள் என்று எந்த மென்பொருளும் கேட்பதில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மூன்று முறைகளை, முறைக்கு நான்கு பாத்தி வீதம் 12 பாத்திகளில் ஒப்பிட்டேன். பாத்திக்கு ஐந்து செடி அளந்து, 60 அளவுகளையும் தனித்தனிச் சோதனைபோல் கணினியில் ஏற்றினேன். அபாரமான வித்தியாசம் என்று அட்டவணை வந்தது, துள்ளிக் குதித்தேன். என் வழிகாட்டி அதில் பிழைக்கான வரிசையில் 57 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, உன்னிடம் இருப்பது எத்தனை பாத்தி என்று மட்டும் கேட்டார். 12 பாத்திக்கு அங்கே 9 இருந்திருக்க வேண்டும். ஒரே பாத்தியின் ஐந்து செடிகளும் ஒரே மண்ணின் பிள்ளைகள். அவை ஐந்து சாட்சிகள் ஆகாது. திருத்திப் போட்டதும் வித்தியாசம் காணாமல் போனது. அந்த முடிவோடு ஊர் ஊராகப் பேசியிருந்தால் எத்தனை பேர் செலவழித்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஃபிஷரின் முதல் உருளைக்கிழங்கு அட்டவணையிலும் இதே இனத்துப் பிழை இருந்தது. துண்டுக்குத் துண்டு வரும் வித்தியாசத்தையும், துண்டுக்குள் வரிசைக்கு வரிசை வரும் வித்தியாசத்தையும் அவர் ஒன்றாகக் கலந்திருந்தார். 1925 நூலில் இரண்டையும் பிரித்துத் திருத்தினார்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செயல்விளக்கத் திடலில் நிற்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டீர்கள்? எத்தனை பாத்தியில் செய்தீர்கள்? எந்தப் பாத்திக்கு எது என்று யார் முடிவு செய்தது?

பதில் வராவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். வயலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டிரண்டு பாத்திகளாக ஆறு ஜோடி குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயம் சுண்டி, எந்தப் பாத்திக்குத் தெளிப்பது என்று முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாப் பராமரிப்பும் ஒன்றுபோல் இருக்கட்டும். பன்னிரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். மருந்தில் ஒன்றுமே இல்லாமல், ஆறு ஜோடியிலும் தெளித்த பாத்தியே முந்துவதற்கு வாய்ப்பு 64-ல் ஒன்று. அப்படி முந்தினால், கூடுதல் நெல்லின் விலை மருந்துச் செலவைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்று ஜோடியில் முந்தி, மூன்றில் பிந்தினால், காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும். எடைகளை எழுதிய தாளை மட்டும் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மீதிக் கணக்கை அவர்கள் போட்டுத் தருவார்கள்.

- கட்டுரையாளர், உழவியல் விஞ்ஞானி